ஃபிளாஷ் இல்லாமல் கூத்தையும் மேடை நிகழ்ச்சியையும் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுவதும் தெருக்கூத்து என்று பல ஊர்களில் பதினெட்டு நாள் நடக்கும் அந்த விழா, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவு பெறும். இதற்காகவே கேமராவுடன் வரும் இளைஞர்கள் இப்போது அதிகம். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பல ஆண்டுகளாக இந்தக் களங்களில் தரையில் உட்கார்ந்து படம் எடுத்ததில் நான் கண்டுகொண்ட விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். கூத்தை முதன்மையாக வைத்தே பேசுகிறேன் என்றாலும், பள்ளி ஆண்டு விழா, கோயில் மேடைப் பரதநாட்டியம், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியின் கலை நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

வெளிச்சம் குறைவாக இருக்கும்போது ஃபிளாஷ் போடுவதுதானே வழி? அது ஏன் கூடாது?

இதற்கு என் தவற்றிலிருந்தே விடை சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் துகிலுரிதல் நடந்துகொண்டிருந்த இரவில், பாஞ்சாலி வேடம் கட்டியிருந்தவர் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணனை அழைத்துப் பாடிய நொடியில், மிக அருகிலிருந்து நான் ஃபிளாஷை அடித்துவிட்டேன். அவருடைய கண்கள் இறுக மூடிக்கொண்டன, பாட்டு அறுந்தது, பின்பாட்டுக்காரர் அடியை எடுத்துக்கொடுத்த பிறகே தொடர்ந்தது. எனக்குப் பின்னால் கைகூப்பியபடி உட்கார்ந்திருந்த பெண்கள் அனைவரும் பாஞ்சாலியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். விடிந்த பிறகு அந்தக் குழுவை நடத்தும் வாத்தியார் கோபப்படாமல் ஒன்றை மட்டும் சொன்னார்: சுழன்று ஆடும்போது அந்த வெளிச்சம் கண்ணில் பட்டிருந்தால் ஆடுகிறவர் பெஞ்சில் மோதி விழுந்திருப்பார் என்றார். அன்று முதல் களத்தில் ஃபிளாஷை நான் பயன்படுத்தியதில்லை.

படத்தின் தரத்தை மட்டும் பார்த்தாலும் ஃபிளாஷால் பயன் இல்லை. கேமராவோடு சேர்ந்து வரும் சிறிய ஃபிளாஷின் வழிகாட்டி எண் (அதன் வலிமையின் அளவு) பெரும்பாலும் 12-ஐ ஒட்டியிருக்கும், அதாவது ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப்/4 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்) என்ற அமைப்பில் அதன் வீச்சு 3 மீட்டர்தான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், முன்வரிசையில் இருப்பவர்களின் தலை வெளுத்துப்போய், ஆடுகிறவர் மங்கலாக நிற்பார். அருகிலிருந்து அடித்தாலோ, கிரீடத்திலும் புஜத்திலும் பதித்திருக்கும் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் ஃபிளாஷையே திருப்பிக் காட்டும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, காகிதமும் கண்ணாடியும் ஒட்டிய அந்தக் கட்டைச் சாமான்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில் மினுங்குவதற்காகவே செய்யப்பட்டவை. நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் அவற்றின் செதுக்கு வேலை முழுவதும் தட்டையாகிவிடும்.

என்னிடம் கேமராவோடு வந்த லென்ஸ் மட்டுமே இருக்கிறது. புதிதாக ஏதேனும் வாங்க வேண்டுமா?

வாங்க முடியுமானால், கேமராவை மாற்றாமல் லென்ஸை மாற்றுங்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் 55-இல் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப் போல ஏறத்தாழ ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எல்லா நிறுவனங்களின் வரிசையிலும் விலை குறைந்த லென்ஸ்களில் அதுவும் ஒன்று. சிறிய சென்சார் கொண்ட கேமராவில் அது 75 அல்லது 80 மி.மீ. போல வேலை செய்யும் என்பதால், களத்தின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒருவரின் இடுப்பளவுப் படத்துக்கு மிகப் பொருத்தமாக இருக்கும். உயரமான மேடையையும் தூரத்தையும் சமாளிக்க வேண்டியவர்களுக்கு 70-200 எஃப்/2.8 உதவும், ஆனால் அதன் விலையும் எடையும் அதிகம், கூத்துக்கு அது தேவையும் இல்லை. ஊர்க் கூத்து கைக்கெட்டும் தூரத்தில் நடப்பது.

வாங்க முடியாதவர்கள் 18-55 லென்ஸை 18-க்கும் 24-க்கும் இடையில் வைத்துக்கொண்டு அருகில் உட்காரலாம். அந்தப் பக்கம் அது எஃப்/3.5 வரை திறக்கும். ஆடுகிறவரோடு ஊர் மக்களும் படத்துக்குள் வருவார்கள்.

எந்த அமைப்பில் தொடங்குவது?

கேமராவை மேனுவலில் வைத்து, எஃப்/2.8, 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. 3200 என்று தொடங்குவது என் வழக்கம். மூங்கிலில் கட்டிய டியூப் லைட்டுகளும் இரண்டு ஃபோகஸ் லைட்டுகளும் உள்ள களத்தில் இது பெரும்பாலும் சரியான வெளிச்சத்துக்கு அருகில் வந்துவிடும். மூன்று படம் எடுத்து, திரையில் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். களத்தில் வெளிச்சம் இரவு முழுவதும் ஒரே அளவாக இருப்பதால், ஒருமுறை சரிசெய்துவிட்டால் விடியும் வரை அதைத் தொட வேண்டியதில்லை. கோப்பு வடிவம் ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) ஆகவே இருக்கட்டும். ஜேபெக் கோப்பில் பின்னால் நிறத்தைத் திருத்த அதிக இடம் கிடைக்காது.

ஐ.எஸ்.ஓ. கூட்டினால் படம் புள்ளி புள்ளியாக வருகிறதே?

வரட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்ய இன்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. அசைந்துபோன முகத்தைச் சரிசெய்ய எதுவும் இல்லை. ஐ.எஸ்.ஓ.வை 800-இல் வைத்து இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால், முதலிலேயே 3200-இல் எடுத்த படத்தைவிடப் பல கேமராக்களில் புள்ளி கூடுதலாகவே தெரியும். 6400 வரை செல்ல அஞ்ச வேண்டாம்.

ஆடுகிறவர் நிற்பதே இல்லை. எவ்வளவு வேகமான ஷட்டர் வேண்டும்?

நின்று பாடுகிறவருக்கு 1/100, அடவு போட்டு ஆடுகிறவருக்கு 1/250, முழுவேகச் சுழற்சிக்கு 1/500 என்று ஒரு கணக்குச் சொல்லலாம். ஆனால் 1/500-க்கு நம் களங்களின் வெளிச்சம் பெரும்பாலும் போதாது. ஆகவே ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கிறவர் ஷட்டரைவிடக் கூத்தையே அதிகமாக நம்ப வேண்டியிருக்கிறது. நான் இந்தப் பக்கம் முழுவதிலும் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: கூத்து தெரிந்தவருக்கு 1/100 நொடியே போதும்.

கூத்தர் எங்கே நிற்பார் என்பது கூத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கட்டை வேடம், அதாவது கிரீடமும் புஜமும் கட்டிய வேடம், களத்துக்கு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரு திரையைப் பிடிக்க, வேடம் கட்டியவர் அதற்குப் பின்னால் நின்று தன் வருகையைப் பாடுவார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும், கீழே சலங்கை கட்டிய பாதங்களும் மட்டும் தெரியும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்பான், வேடம் பதில் சொல்லும். திரை விலகியதும் அவர் உடனே ஆடத் தொடங்கிவிட மாட்டார். முதல் பார்வையைச் சபைக்குக் கொடுத்து ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்துக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தவருக்கு ஃபோகஸும் வெளிச்சமும் முன்பே தயாராக இருக்கும்.

சுழற்சிக்கும் இப்படி ஒரு முடிவு உண்டு. மிருதங்கத்தின் அடி நெருங்கி நெருங்கி வந்து, தீர்மானம் என்னும் முடிவு அடியில் விழும்போது ஆடுகிறவரும் காலை ஊன்றி நிற்பார்; உடை மட்டும் இன்னும் அரைச் சுற்று சுழன்றுகொண்டிருக்கும். முகம் கூர்மையாகவும் உடை கலங்கலாகவும் விழும் அந்தப் படத்தை 1/60-இலேயே எடுத்துவிடலாம். குதிப்பிலும் அப்படித்தான்: மேலே போய்க் கீழே இறங்கத் திரும்பும் உச்சியில் உடலின் வேகம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. காதால் கேட்டுப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் அந்தக் கணம் போயிருக்கும்.

இதற்குப் பயிற்சி, கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஓர் இரவு முழுவதும் கூத்துப் பார்ப்பதுதான். அதே குழு அடுத்த ஊரில் கர்ண மோட்சம் ஆடும்போது, எந்தப் பாட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவார் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். பரதநாட்டியத்துக்கும் இதுவே பொருந்தும். ஜதியின் முடிவில் வரும் அரைமண்டி நிலை ஒரு நொடியாவது நிற்கும்.

முகம் வெள்ளையாக வெளுத்துப்போகிறது. சிவப்பு வேடத்தில் முகக்கோடுகளே தெரிவதில்லை. ஏன்?

களத்துக்குப் பின்னால் இருப்பது இருட்டு. கேமராவின் தானியங்கி அளவீடு அந்த இருட்டையும் சேர்த்து எடைபோட்டு, படத்தை வெளிச்சமாக்க முயல்கிறது. அதனால் முகம் வெளுக்கிறது. தானியங்கி முறையிலேயே எடுப்பவர்கள் வெளிச்சத் திருத்தத்தை −1 அல்லது −1.5-இல் வைத்துக்கொள்ளலாம், அல்லது புள்ளி அளவீட்டை முகத்தில் வைத்து எடுக்கலாம்.

சிவப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். துரியோதனனின் சிவப்பு முகத்தின் மேல் மஞ்சள் கலந்த ஃபோகஸ் லைட் விழும்போது, மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா காட்டினாலும், சிவப்பு நிறத்தின் பதிவு மட்டும் உச்சியைத் தாண்டியிருக்கும். புருவத்துக்கு மேல் இழுத்த வெள்ளைப் புள்ளி வரிசை, மூக்கின் ஓரத்துக் கறுப்புக் கோடு, கன்னத்தில் அரிதாரத்தை அறுத்துக்கொண்டு இறங்கும் வியர்வைத் தடம் எல்லாம் ஒரே சிவப்புப் பூச்சில் மூழ்கிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைத் திரையில் வைத்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் வெளிச்சத்தை அரைப்படி குறையுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்த முகத்தில் அந்த வியர்வைத் தடம் தெரியவில்லை என்றால், அவர் ஆறு மணி நேரம் ஆடினார் என்பதற்குப் படத்தில் சாட்சி இல்லாமல் போகிறது.

நிறம் படத்துக்குப் படம் மாறுகிறது. சில படங்களில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கேமரா பழுதா?

பழுது இல்லை, மின்சாரத்தின் துடிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப் லைட் அதனால் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பாவது ஒவ்வொரு படத்துக்குள்ளும் அடங்கிவிடும். 1/250-இல் எடுத்தால் துடிப்பின் ஒரு பகுதி மட்டும் அகப்படுவதால், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் பழுப்பாகவும் வருகிறது. மேலே சொன்ன நிற்கும் கணங்களை 1/100-இல் எடுப்பதற்கு இது இன்னொரு காரணம். வேகம் கட்டாயம் வேண்டுமானால், துடிப்பைக் கண்டறிந்து அதற்கேற்ப ஷட்டரைத் திறக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு, அதை இயக்குங்கள். அது இல்லாதவர்கள் நான்கைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

சத்தம் வராத மின்னணு ஷட்டரைப் பலர் விரும்புகிறார்கள். அது படத்தை வரி வரியாகப் படிப்பதால் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் பட்டைகள் விழ வாய்ப்பு அதிகம். கூத்தில் முகவீணையும் மிருதங்கமும் ஒலிக்கும்போது இயந்திர ஷட்டரின் சத்தம் யாருக்கும் கேட்காது, அதையே பயன்படுத்துங்கள். வீணைக் கச்சேரியில் மட்டும் மின்னணு ஷட்டரைச் சோதித்துப் பார்க்கலாம்.

பள்ளி விழாக்களில் ஊதாவும் நீலமுமாக அடிக்கும் எல்.இ.டி. பார் லைட்டுகளின் கீழ் தோல் நிறத்தை மீட்பது கடினம். அந்த நிறங்கள் மாறி வெள்ளை வரும் நேரத்துக்குக் காத்திருங்கள். வரவே இல்லையென்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது நேர்மையான வழி.

எங்கே உட்கார வேண்டும்?

தரையில், விளக்குக்கு எதிர்ப்பக்க ஓரத்தில். நின்றுகொண்டு எடுப்பவர் பின்னால் இருக்கும் ஐம்பது பேரின் கூத்தை மறைக்கிறார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாலையிலேயே பாய் விரித்து இடம்பிடித்த பாட்டியின் இடத்துக்கு முன்னால் நிற்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. தரையிலிருந்து பார்க்கும்போது கிரீடம் வானத்தின் கறுப்பில் தனித்து நிற்கும். பின்னாலுள்ள பந்தல் கால்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் படத்திலிருந்து விலகிவிடும்.

நடுவில் மைக் தொங்கும் களங்களில் நேர் எதிரே உட்கார்ந்தால் பாடுகிறவரின் வாய் எப்போதும் மறைந்தே இருக்கும். வலப்புறமோ இடப்புறமோ நான்கைந்து அடி தள்ளி உட்காருங்கள். பக்கவாட்டிலிருந்து விளக்கு விழுவதால் கண்ணாடிச் சில்லுகளும் அங்கிருந்துதான் நன்றாக மினுங்கும். கட்டியங்காரன் மக்களோடு பேச வரும் பக்கம் எது என்று முதல் அரை மணி நேரம் கவனித்து, அந்தப் பக்கம் இடம் பிடித்தால் சிரிக்கும் முகங்களும் கூடவே கிடைக்கும்.

இருட்டில் ஃபோகஸ் தடுமாறுகிறதே?

தொடர் ஃபோகஸில் ஒரே புள்ளியைத் தேர்ந்து, கண்ணின் மேலோ கிரீடத்துக்கும் நெற்றிக்கும் இடையிலுள்ள கூர்மையான ஓரத்திலோ வையுங்கள். கேமராவின் முன்புறத்தில் ஃபோகஸுக்கு உதவுவதற்காக எரியும் சிறு விளக்கை மெனுவில் கண்டுபிடித்து அணைத்துவிடுங்கள். ஃபிளாஷை அணைத்த பலரும் இதை மறந்துவிடுகிறார்கள், அதுவும் ஆடுகிறவரின் கண்ணில்தான் விழுகிறது.

ஸ்டாண்டு தேவையா? லென்ஸிலுள்ள அதிர்வு தடுப்பு போதாதா?

அதிர்வு தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே தடுக்கும், ஆடுகிறவரின் அசைவைத் தடுக்காது. மூன்று கால் ஸ்டாண்டு கூட்டத்தில் யாராவது தடுக்கி விழக் காரணமாகும். சம்மணமிட்டு உட்கார்ந்து இரு முழங்கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக்கொள்வதே போதுமானது.

கைபேசியில் எடுக்க முடியுமா?

முடியும், சில கட்டுப்பாடுகளோடு. ஃபிளாஷைத் தானியங்கியில் விடாமல் முழுமையாக அணையுங்கள். இரவு முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவதால், அசைகிறவரின் முகம் குழம்பிவிடும். அர்ச்சுனன் தபசில் உயரமான மரத்தின் மேல் அமர்ந்து பாடும் நேரம் போன்ற அசைவற்ற காட்சிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மற்ற நேரங்களில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். பெரிதாக்கும் லென்ஸுக்கு மாறாதீர்கள். முதன்மை லென்ஸே பெரும்பாலும் அதிக வெளிச்சத்தை வாங்கும். திரையின் ஒளியையும் குறைத்துவைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு இராது.

இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டுமா? எந்த நேரம் சிறந்தது?

ஒரு மணி நேரம் மட்டுமே இருக்க முடியுமென்றால் விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து அப்போது உச்சத்தில் இருக்கும். கிழக்கு வெளுக்கத் தொடங்கி, வானத்தின் நீலமும் களத்தின் மஞ்சளும் ஒரே அளவில் கலக்கும் இருபது நிமிடங்கள் வரும். அந்த நேரத்தில் மட்டும் அமைப்பை அடிக்கடி மாற்ற வேண்டும், ஐ.எஸ்.ஓ. 3200-லிருந்து 800-க்குப் படிப்படியாக இறங்கும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) தானியங்கியில் விட்டால் கேமரா இந்த இரண்டு நிறங்களையும் சமப்படுத்தி அழகைக் கெடுத்துவிடும் என்பதால் இரவில் வைத்த அளவிலேயே விடுங்கள்.

கூடுதலாக இரண்டு பேட்டரி அவசியம். கோடையில் களத்துப் புழுதியில் லென்ஸைக் கழற்றாதீர்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தை மாதக் குளிரில் போகிறவர்கள் பேட்டரியைச் சட்டைப்பையில், உடல் சூட்டில் வைத்துக்கொள்வது நல்லது. லென்ஸில் பனி படிந்தால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

விழாக் குழுவிடமும் குழுவின் வாத்தியாரிடமும். வேடம் கட்டும் இடத்தில் படம் எடுக்க விரும்பினால், முகத்தில் முதல் பூச்சு விழுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். ஒருவர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் முகத்தில் கோடிழுக்கும்போது கேள்வி கேட்பது அவருடைய கையை அசைப்பதற்குச் சமம். அருள் வந்து ஆடுகிறவர்களை, குறிப்பாகப் பெண்களை, அவர்கள் வீட்டார் சம்மதமின்றி எடுக்காதீர்கள். காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைத் திருவிழாவிலும் எனக்கு இதே விதிதான். பள்ளி நிகழ்ச்சிகளில் குழந்தைகளின் படங்களைப் பெற்றோரிடம் கேட்காமல் இணையத்தில் போடக் கூடாது.

எடுத்த படங்களை எவ்வளவு திருத்தலாம்? பிறகு என்ன செய்வது?

புள்ளியைக் குறையுங்கள், முகத்தின் நிறத்தைச் சரிசெய்யுங்கள், அதோடு நிறுத்துங்கள். இருட்டுப் பகுதிகளை எல்லாம் வெளிச்சமாக்கினால் கூத்து நடந்த இரவு படத்தில் இல்லாமல் போகும்.

ஆடியவர்களுக்குக் கட்டாயம் பிரதி கொடுங்கள். கைபேசியில் அனுப்பும் படங்கள் நாளடைவில் தொலைந்துவிடுகின்றன. ஸ்டுடியோவில் அச்சிட்டு நேரில் கொடுப்பதே நல்லது. குழுவின் அடுத்த நிகழ்ச்சி எந்த ஊரில் என்று வாத்தியாரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் முடிந்துவிட்டால் பலரும் விவசாயத்துக்கோ வெளியூர் வேலைக்கோ பிரிந்து போய்விடுவார்கள், பிறகு தேடிப்பிடிப்பது கடினம். அன்று நான் ஃபிளாஷ் அடித்த பாஞ்சாலிக்கு அடுத்த ஆண்டு அதே துகிலுரிதலில், எஃப்/1.8, 1/100 நொடியில் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைகள் தலைக்கு மேல் கூப்பியிருந்தன, கண்கள் திறந்திருந்தன. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, வேடப் பெட்டியின் மூடியின் உட்பக்கத்தில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்.